சாதியைத் தொழுநோய் என்று சொல்லாதீர்கள்

(வாசிப்பு வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மேடைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு தொடர் உண்டு. “சாதி என்பது இந்தச் சமூகத்தைப் பிடித்த தொழுநோய்.” இன்னும் வேகம் கூடினால் “சாதிக் குஷ்டம் பிடித்தவர்கள்” என்று வரும். கைதட்டலும் விழும். சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். சாதியைப் போல அருவருப்பானது வேறில்லை என்று காட்ட, எல்லோருக்கும் தெரிந்த அருவருப்பான பொருள் ஒன்றைத் தேடுகிறார். கைக்கு எட்டுவது ஒரு நோயாளியின் உடம்பு. தீண்டாமைக்கு எதிராகப் பேசுகிற வாய், தீண்டாமைக்கு ஆளான இன்னொரு கூட்டத்தை எடுத்து உவமையாக வைக்கிறது. இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் ஊர் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் 26 ஆண்டுகள் களப்பணி பார்த்தவன். வீடு வீடாகப் போய், முதுகைக் காட்டச் சொல்லி, வெளிறிய தேமல் இருக்கிறதா, அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பேனா முனையால் தொட்டுப் பார்க்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தது, வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதுதான். “தேமல் பார்க்க வந்திருக்கோம்மா” என்போம். பெயரைச் சொன்னால் கதவு சாத்திவிடும். ஓர் ஊரில், நல்ல வசதியான வீட்டு அம்மா ஒருவர், உள்ளே விடாமலேயே சொன்னார்: “எங்க வகையறாவுல அதெல்லாம் கிடையாதுங்க. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க.” அந்தப் பக்கம் என்று அவர் கைகாட்டியது சேரியை.

கிருமிக்கு வகையறா தெரியாது. ஆனால் அந்த அம்மா அதைச் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மனுநீதியின் மூன்றாம் அத்தியாயத்தில் எந்தெந்தக் குலத்தில் பெண் எடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. மூலம், சயம், காக்காய் வலிப்பு உள்ள குலங்களோடு வெண்குட்டமும் குட்டமும் உள்ள குலங்களும் அதில் உண்டு. நோய் ஆளுக்கு வரவில்லை, குலத்துக்கு வருகிறது. அதே நூலின் பதினோராம் அத்தியாயத்தில் இன்னொரு பட்டியல்: போன பிறவியில் எந்தப் பாவம் செய்தால் இந்தப் பிறவியில் என்ன நோய் வரும் என்பது. துணி திருடியவனுக்கு வெண்குட்டம், குதிரை திருடியவனுக்கு முடம். பிறப்பும் வினையும் சேர்ந்தால் சாதி வரும் என்கிறோம் அல்லவா, அந்தக் கணக்குப் புத்தகத்தில் நோய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சரி, பெயருக்கு வருவோம். குட்டம், குஷ்டம், இந்தியில் கோட், பாலியில் குட்ட: எல்லாம் ‘குஷ்ட’ என்ற ஒரே சமற்கிருதச் சொல்லைச் சேர்ந்தவை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் ஒரு மூலிகைக்கும் பெயர். நாட்டுமருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் தருவார்களே, அதே வேர்தான். அதர்வ வேதத்தில் காய்ச்சலை விரட்டும் செடியாக அதைப் போற்றியிருக்கிறார்கள். கிரேக்க வணிகர்கள் அதைக் ‘கோஸ்டோஸ்’ என்று வாங்கிப் போனார்கள். மருந்துக்கும் நோய்க்கும் ஒரே பெயர். மருத்துவ நூல்களில் குஷ்டம் என்பது ஒரு தனி நோயும் இல்லை. சரகர் 18 வகை சொல்கிறார். சித்த மருத்துவத்திலும் 18 வகைக் குட்டம் உண்டு. படை, சொறி, செதில் உதிர்வது, நிறம் மாறுவது எல்லாம் அந்த ஒரே கூடைக்குள். மருத்துவர்களாவது வகை பிரித்து மருந்து சொன்னார்கள். ஊருக்கு வகை தெரியாது. தோலில் எது வந்தாலும் குஷ்டம்தான். தோலின் நிறம் மட்டும் மாறுகிற, யாருக்கும் தொற்றாத ஒன்றுக்கு ‘வெண்குஷ்டம்’ என்று பெயர் வைத்து எத்தனை பெண்களின் திருமணத்தைக் கெடுத்தோம்? அது வேறு, இது வேறு. இப்போதுதான் வெண்புள்ளி என்று சொல்லப் பழகியிருக்கிறோம்.

இதே கூடைச் சிக்கல் மேற்கிலும் நடந்தது, இன்னும் பெரிய அளவில். எபிரேய வேதத்தில், நம்மூர் பைபிளில் லேவியராகமம் என்கிற பகுதியில், ‘சாரஅத்’ என்று ஒன்று வருகிறது. அது மனிதத் தோலில் வரும்; துணியிலும் வரும்; வீட்டுச் சுவரிலும் வரும். சுவருக்கு வருவது தொழுநோயாக இருக்க முடியாது, பூஞ்சைக் கறையாகத்தான் இருக்கும். அது மருத்துவர் கண்டறிகிற நோய் அல்ல, பூசாரி அறிவிக்கிற தீட்டு. தீட்டு வந்தவர் பாளையத்துக்கு வெளியே குடியிருக்க வேண்டும், ஆடையைக் கிழித்துக்கொண்டு “தீட்டு, தீட்டு” என்று கூவிக்கொண்டே போக வேண்டும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவில் இந்த வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியபோது, சாரஅத்துக்கு ‘லெப்ரா’ என்ற சொல்லைப் போட்டார்கள். லெப்ரா என்றால் செதில் செதிலாக உரிவது. கிரேக்க மருத்துவத்தில் அது சாதாரணத் தோல் நோய். யாரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. நாம் இன்று தொழுநோய் என்று சொல்வதற்குக் கிரேக்கர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள்: ‘எலிபன்டியாசிஸ்’. தோல் யானைத் தோல் போலத் தடித்துப் போவதால். அரபு மருத்துவர்களோ தொழுநோயை ‘ஜுதாம்’ என்றார்கள், துண்டிப்பது என்ற பொருளில் வருகிற வேர். நம்முடைய யானைக்காலைத்தான் அவர்கள் ‘தாஉல் ஃபீல்’, யானை நோய், என்றார்கள்.

பதினோராம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போய் மடத்தில் சேர்ந்த ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்பவர் அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவருகிறார். யானை நோய்க்கு எலிபன்டியாசிஸ் போய்விட்டது. ஜுதாமுக்கு என்ன போடுவது? ‘லெப்ரா’ என்று போட்டார். முடிந்தது கதை. வேதத்தில் தீட்டுக்கு நின்ற சொல், மருத்துவத்தில் ஒரு குறிப்பிட்ட கிருமி நோய்க்கு வந்து ஒட்டிக்கொண்டது. பூசாரியின் தீட்டு முழுவதும், கூவிக்கொண்டே போகிற விதி உட்பட, இந்த நோயாளியின் தலையில் இறங்கியது. யாரும் சதி செய்யவில்லை. மொழிபெயர்ப்பு மேசையில் ஒரு சொல் காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தீட்டை வாங்கிக்கொள்ள ஊர் தயாராக இருந்தது. 1179ஆம் ஆண்டு மூன்றாம் லாத்தரன் சங்கத்தில், தொழுநோயாளர்களுக்குத் தனிக் கோயில், தனிக் கல்லறை என்று திருச்சபை ஏற்பாடு செய்தது. தனிக் கல்லறை என்றதும் உங்களுக்கு நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களின் நடுச்சுவர் ஞாபகம் வரும், எனக்கும் வருகிறது. இடைக்கால ஐரோப்பாவில் நோயாளிகள் மரத்தாலான தட்டுக்கட்டையைத் தட்டிக்கொண்டு வர வேண்டும், மற்றவர்கள் விலகிப் போக. சீனப் பயணி பாகியான் ஐந்தாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தவர். சண்டாளர்கள் ஊருக்கு வெளியே இருப்பதையும், ஊருக்குள் வரும்போது மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்ப வேண்டியிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அங்கே நோய்க்குக் கட்டை, இங்கே பிறப்புக்குக் கட்டை. நோயாவது ஒரு தலைமுறையோடு போகும்.

ஆங்கிலத்தில் இன்னொன்று நடந்தது. ‘லெப்பர்’ என்ற சொல் முதலில் நோய்க்குத்தான் பெயர். கடைசியில் வருகிற ‘அர்’ ஓசை, பாடுபவர், ஆடுபவர் என்கிற மாதிரி ஆளைக் குறிக்கும் விகுதி போலக் கேட்டதால், நாளடைவில் நோயின் பெயர் ஆளின் பெயராயிற்று. ஆளுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. இதே ஆங்கிலத்துக்கு நாம் ஒரு சொல் கொடுத்திருக்கிறோம். ‘பறையா’. தமிழில் ஒரு சாதியின் பெயராக இருந்தது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்குப் போய், பிறகு ஒதுக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பொதுப்பெயர் ஆனது. இன்றைக்கும் ஏதாவதொரு நாட்டை உலகம் ஒதுக்கிவைத்தால் ‘பறையா நாடு’ என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். ஆங்கில அகராதியில் லெப்பருக்கும் பறையாவுக்கும் ஒரே விளக்கம்தான் வரும்: விலக்கப்பட்டவர். ஒருவரை ஒருவருக்கு உவமையாகவும் சொல்வார்கள். ஒரு சொல்லைக் கண்டு நமக்குக் கோபம் வருகிறது, வர வேண்டும். இன்னொன்றை மட்டும் எப்படி நாமே மேடையில் எடுத்து வீசுகிறோம்?

வினைக் கணக்கு வடமொழிக்காரர்களின் வேலை, தமிழ் தூய்மையானது என்று யாராவது சொன்னால் நாலடியாரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொழுநோய் என்ற சொல் ஏதோ தனித்தமிழ் இயக்கம் உண்டாக்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பழைய சொல். நாலடியாரில் தீவினையச்சம் என்ற அதிகாரத்தில் அது வருகிறது. விரல்கள் அழுகிப் போகிற இந்தத் தொழுநோய் ஏன் வருகிறதாம்? முன்பிறவியில் நண்டின் காலை ஆசையோடு முறித்துத் தின்ற பழவினையாம். சமண முனிவர்களுக்கு உயிர்க்கொலை பெரிதாகப் பட்டது, அது அவர்கள் அறம். நான் கேட்பது வேறு. நண்டு தின்றது யார்? வயல் வரப்பில் சேற்றில் நின்று நாற்று நடுகிறவர், கழிமுகத்தில் வலை போடுகிறவர். கூலி போதாத நாளில் குழம்புக்கு நண்டுதான். அவர்களுடைய சட்டி பாவக் கணக்கில் ஏறுகிறது.

கருமம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. சப்பானில் இந்த நோய்க்கு ‘கோப்யோ’ என்று ஒரு பழைய பெயர். கோ என்றால் கருமம், ப்யோ என்றால் நோய்; கருமநோய். ‘வானம் தண்டித்த நோய்’ என்றும் ஒரு பெயர் உண்டு. பௌத்தத்தோடு போன எண்ணம் இது. தாமரைச் சூத்திரத்தின் கடைசிப் பகுதியில், இந்தச் சூத்திரத்தைப் போற்றுகிறவரைப் பழித்தால் இந்தப் பிறவியிலேயே வெண்தொழுநோய் வரும் என்று எழுதியிருக்கிறது. நவயானத் தோழர்கள் வருத்தப்படக் கூடாது, உள்ளதைச் சொல்கிறேன். இடைக்காலச் சப்பானில் ‘ஹினின்’, அதாவது மனிதரல்லாதோர், என்று ஒதுக்கிய கூட்டத்தோடுதான் தொழுநோயாளர்களையும் சேர்த்திருந்தார்கள். பிறகு நவீன அரசு வந்து அதையே சட்டமாக்கியது. 1907 தொடங்கி நோயாளிகளைப் பிடித்துப் போய் அடைக்கிற சட்டங்கள். 1996இல்தான் கடைசியாக நீக்கினார்கள். மருந்து வந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்து. 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒதுக்கிவைப்பு அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. ஹவாய்த் தீவுக்காரர்கள் வைத்த ஒரு பெயரைக் கேளுங்கள், அது என்னை விடவேயில்லை: ‘பிரிக்கும் நோய்’. 1866 முதல் கலவுபாப்பா என்ற ஒதுக்குப்புறத்துக்கு நோயாளிகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அந்த மக்கள் உடம்பில் தெரிந்ததைப் பெயராக வைக்கவில்லை, அரசு செய்ததைப் பெயராக வைத்தார்கள்.

தமிழில் பெருநோய், தெலுங்கில் பெத்த ரோகம், மராத்தியில் மகாரோகம். பெரியது, பெரியது என்று மூன்று மொழியும் சொல்கின்றன. பெயரைச் சொல்லப் பயந்து வைத்த பெயர்கள் இவை. இதுவரை நான் படித்ததில் அறிவுக்குக் கொஞ்சம் நெருக்கமாக வருவது சீனப் பெயர்தான். ‘மாஃபெங்’. மா என்றால் மரத்துப்போவது. ஃபெங் என்றால் காற்று, அதை விட்டுவிடலாம். மரத்துப்போதல்தான் இந்த நோயின் உயிர்நாடி.

ஏன் சொல்கிறேன் என்றால், விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று நாலடியார் சொன்னதும், துண்டிப்பது என்று அரபுப் பெயர் சொன்னதும், இன்றுவரை ஊர் நம்புவதும் உண்மையில்லை. அதை நிரூபித்தது நம் வேலூரில். 1940களின் இறுதியில் மருத்துவர் பால் பிராண்டு அங்கே தொழுநோயாளர்களின் கைகளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். கிருமி விரலைத் தின்பதில்லை. நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போகிறது. வலி தெரியாததால் சுடுகிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள், அரிவாள் கைப்பிடி அறுத்தாலும் விடாமல் வேலை செய்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தால் தெரிவதில்லை. புண் ஆறாமல், சீழ் பிடித்து, எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. உட்கார்ந்து தின்கிறவன் கைக்கு இந்தச் சேதம் குறைவு. கொத்தனார் கை, கரும்பு வெட்டுகிற கை, அடுப்படியில் நிற்கிற பெண்ணின் கைதான் முதலில் போகிறது. ஊர் பாவம் என்று படித்த அந்தக் கை உழைப்பால் தேய்ந்த கை.

இப்போது நம் வீட்டுக்குள்ளும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ரத்தக்கண்ணீர்’ நமக்கெல்லாம் மனப்பாடம். எம்.ஆர்.ராதா மேடையில் ஆயிரம் மூடநம்பிக்கையை உடைத்த பெரிய கலைஞர். 1954இல் வந்த அந்தப் படத்தின் கதை என்ன? தாயை மதிக்காமல், மனைவியை விட்டுவிட்டு, தாசி வீட்டில் கிடந்தவனுக்குக் குஷ்டம் வருகிறது. போன பிறவி என்பது போய் இந்தப் பிறவி என்று வந்திருக்கிறது. கடவுள் இருந்த இடத்தில் ஒழுக்கம் இருக்கிறது. மற்றபடி கணக்கு அதே கணக்கு. பாவம் செய்தால் தொழுநோய். இந்த நோய் உடலுறவால் வருவதில்லை. ஆனால் நான் வேலை பார்த்த ஊர்களில் எத்தனையோ மனைவிகள் கணவனைச் சந்தேகப்பட்டார்கள், கணவன்கள் மனைவியை. பலருக்கும் அந்தப் படம்தான் சான்று. ராதாவின் வசனத்தைக் கொண்டாடுங்கள், நானும் கொண்டாடுகிறேன். அந்த ஒப்பனையைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அங்கே மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

பெயரை மாற்றினால் போதுமா? 1948இல் ஹவானாவில் கூடிய உலகத் தொழுநோய் மாநாடு ‘லெப்பர்’ என்ற சொல்லைக் கைவிடச் சொன்னது. பிரேசில் 1995இல் சட்டமே போட்டு அரசு ஆவணங்களிலிருந்து ‘லெப்ரா’வை நீக்கி ‘ஹன்செனியாசி’ என்று வைத்தது. கிருமியை 1873இல் நார்வேயில் கண்டுபிடித்த ஹன்சன் பெயரால். நம்மூரிலும் ஹன்சன் நோய் என்கிறார்கள். அந்த ஹன்சனைப் பற்றி ஒரு செய்தி. கிருமி தொற்றும் என்று காட்டுவதற்காக, 1879இல் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரிடம் கேட்காமல், இன்னொருவரின் தொழுநோய்க் கழலையிலிருந்து எடுத்ததை ஊசியால் செலுத்தினார். அந்தப் பெண் முறையிட்டார். 1880இல் நீதிமன்றம் ஹன்சனைக் குற்றவாளி என்றது. மருத்துவமனைப் பதவி போயிற்று. நாட்டின் தொழுநோய்த் தலைமை அதிகாரி பதவி மட்டும் போகவில்லை. நோய்க்கு அவர் பெயர்தான் நிலைத்தது. வழக்குத் தொடுத்தவரின் பெயரை வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெயர் மாற்றம் என்றதும் ‘அரிஜன்’ ஞாபகம் வராமல் போகாது. காந்தி அன்போடு வைத்த பெயர். 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்றப் பார்த்தபோது அம்பேத்கர் தம் தோழர்களோடு வெளிநடப்புச் செய்தார். அதற்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். பெயரை யார் வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களின் அமைப்புகள் இன்று ‘தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள்’ என்று சொல்லச் சொல்கின்றன. நீளமாக இருக்கிறது, பேச்சில் தடுக்குகிறது என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். தடுக்கட்டும்.

சொல்லோடு சட்டமும் சேர்ந்தது. 1898இல் வெள்ளை அரசு தொழுநோயாளர் சட்டம் கொண்டுவந்தது. யாரைப் பிடித்து அடைக்கலாம்? ‘ஏழைத் தொழுநோயாளி’யை, பிச்சை எடுக்கிறவர், பிழைப்புக்கு வழியில்லாமல் திரிகிறவர். பங்களாவுக்குள் இருப்பவரைத் தொடாது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, உள்ளூர் விதி தடுத்த பொதுக்கிணற்றிலும் குளத்திலும் அவர்கள் குளிக்கவோ தண்ணீர் எடுக்கவோ கூடாது என்று உத்தரவு போட இடம் தந்தது. பொதுக்குளம்! 1927 மகத்துக்கு 29 ஆண்டுகளுக்கு முன். அந்தச் சட்டத்தை 2016இல்தான் நீக்கினார்கள். தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்ற விதி 2019இல்தான் போனது. இடையில் 2008இல், ஒடிசாவில் தேர்தலில் வென்ற ஒரு நகர்மன்ற உறுப்பினர் தொழுநோயாளி என்பதால் பதவியில் இருக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. கூட்டு மருந்து வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்த காலம் அது.

“அப்ப சாதியை எதோடதான் ஒப்பிடுறது தோழர்?” என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார். எதற்கு ஒப்பிட வேண்டும்? நோய் தானாக வருகிறது. அதில் யாருக்கும் லாபம் இல்லை. சாதியில் லாபம் பார்க்கிறவன் இருக்கிறான், நிலமும் கோயிலும் பதவியும் வைத்திருக்கிறான். அவனை நோயாளி என்று சொன்னால் பாவம் என்று விட்டுவிடத்தான் தோன்றும்.

கடைசியாக வேலை விஷயம் ஒன்று. 2005 இறுதியில் இந்தியா தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்பது கணக்கு. ஆனால் இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் புது நோயாளிகள் இந்தியாவில் பதிவாகிறார்கள், உலகக் கணக்கில் பாதிக்கு மேல். வெளிறிய அல்லது சிவந்த தேமல், அரிக்காது, வலிக்காது, தொட்டால் தெரியாது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். மாத்திரை அட்டை இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கியதும் தொற்றுவது நின்றுவிடும். உங்கள் தெருவில் யாராவது முழுக்கைச் சட்டையை விடாமல் போட்டுக்கொண்டு திரிந்தால், கூட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தேமல் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் போதும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.